கோன் கிழிந்த சத்தமும் தம்புராவின் நூலும்

ஒரே பாட்டு இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. இரண்டிலும் பாடியவர் ஒருவரே. முதல் பதிவு 1965இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ‘ஸ்பேட்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய பையன்களுடையது. இரண்டாவது 1966 ஜனவரியில், ‘தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ என்ற குழுவினுடையது. பாட்டின் பெயர் ‘யூ ஆர் கோனா மிஸ் மீ’. பாடியவர் ராக்கி எரிக்சன். அப்போது வயது 18. மெட்டு, சொற்கள், ஆத்திரம் எல்லாம் அதேதான். ஆனால் முதல் பதிவைக் கராஜ் ராக் என்கிறார்கள், இரண்டாவதைச் சைகடெலிக் என்கிறார்கள். ஆக, இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் சில மாதங்கள், ஒரு ஜாடி.

ஜாடி என்று சொன்னது உருவகமல்ல. டாமி ஹால் என்ற பல்கலைக்கழக மாணவர் ஒரு மண்ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குள் குரலால் ‘டுகுடுகுடுகு’ என்று இடைவிடாமல் ஓட்டினார். நாட்டுப்புறக் குழுக்கள் ஜாடியை ஊதுகிற பழைய முறை இதுவல்ல. நம் வில்லுப்பாட்டுக் குடம்போல் தாளம் காட்டுகிற வேலையும் அதற்கு இல்லை. பாட்டு எங்கே மூச்சு வாங்கினாலும் அந்தக் கொப்பளிப்பு மட்டும் நிற்காது. முதல் பதிவில் சும்மா கிடந்த இடைவெளிகளை இரண்டாவதில் இது நிரப்பிவிடுகிறது. இந்தப் பதிவு பில்போர்டு பட்டியலில் 55ஆம் இடம்வரை போனது. அதே 1966இல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டின் தலைப்பிலேயே சைகடெலிக் என்ற சொல் இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தில் ஹால் எழுதிய குறிப்பு அரிஸ்டாட்டிலிலிருந்து தொடங்குகிறது. அறிவைத் தனித்தனி அறைகளாகப் பிரித்து வைத்துவிட்டோம் என்று புகார் செய்கிறது. நம்மூர்ச் சிறுபத்திரிகைத் தலையங்கம் ஒன்றைப் படித்த மாதிரி இருந்தது எனக்கு.

இந்தப் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம். ‘சைகடெலிக்’ என்பது ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1956இல் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் உருவாக்கிய சொல். மனத்தை வெளிக்காட்டுவது என்று பொருள். எல்எஸ்டி முதலிய பொருட்களைக் குறிக்க வந்த மருத்துவச் சொல் பத்தே ஆண்டில் இசைத்தட்டு விற்கிற சொல்லாகிவிட்டது. ‘கராஜ்’ இதற்கு நேர்மாறு. 1965இல் கார் ஷெட்டில் மூன்று கார்டுகளை வைத்துக்கொண்டு அடித்துக் கொண்டிருந்த பையன்களில் யாரும் தாங்கள் வாசிப்பது கராஜ் ராக் என்று சொல்லிக் கொள்ளவில்லை. அது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய சீட்டு. இவ்வகைப் பாட்டுகளைத் திரட்டி 1972இல் லென்னி கே வெளியிட்ட ‘நக்கெட்ஸ்’ என்ற தொகுப்பு இன்று கராஜ் ராக்கின் வேதம். ஆனால் அதன் துணைத்தலைப்பு அந்தப் பாட்டுகளை முதல் சைகடெலிக் காலத்தவை என்கிறது. இரண்டுக்கும் நடுவே பெரிய அணை எதுவும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் மாற்றம் எப்படி நடந்தது? வழக்கமான கதையாடல் நமக்குத் தெரிந்ததுதான். போதைப்பொருள் வந்தது, இந்தியா வந்தது, முரட்டுப் பையன்கள் ஞானம் பெற்றார்கள். 1965 டிசம்பரில் பீட்டில்ஸ் பாட்டொன்றில் சிதார் ஒலித்தது. 1967 ஜூனில் மான்டரே விழாவில் ரவிசங்கர் வாசித்தார். 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் ரிஷிகேஷுக்கே வந்துவிட்டார்கள். மேற்கத்திய எழுத்தாளர்கள் இதைக் கிழக்கின் மர்மம் என்று எழுத, நம்மாட்கள் ‘எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்யா’ என்று மார்தட்டிக் கொள்கிறார்கள். எதிரெதிர் கட்சி போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே கட்சி. கிழக்கு என்றால் தியானம், மேற்கு என்றால் எந்திரம் என்ற பங்கீட்டை இரண்டுமே ஏற்றுக் கொள்கின்றன. எட்வர்ட் சய்த் 1978இல் கீழைத்தேயவியல் பற்றி எழுதியதைத் தமிழில் எத்தனையோ முறை எடுத்துப் பேசியாகிவிட்டது. ஆனால் அதைக் காதுக்குக் கொண்டுபோனவர்கள் குறைவு. நான் சொல்ல வருவது எளிமையான விஷயம். அந்தப் பையன்கள் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே அவர்களுடைய கிடாருக்குள் ஒரு தம்புரா உட்கார்ந்திருந்தது. அது உடைசலிலிருந்து வந்தது.

உடைசலைப் பற்றி எனக்குப் புரிய வைத்தவர் ஓர் இசையறிஞர் அல்ல. ஜவ்வாது மலையில் நான் இருக்கிற பக்கம் திருவிழாவுக்கெல்லாம் மைக்செட் கட்டுகிற ஒருவர். குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி அம்மன் பாட்டைப் போட்டால் அடுத்த ஊருக்குக் கேட்கும். ஒருநாள் அவருடைய பெட்டி ஸ்பீக்கர் ஒன்று கரகரவென்று இழுத்தது. “கோன் கிழிஞ்சிருக்கு சார். வால்யூம் ஏத்த ஏத்த சவுண்டு கிழியும்” என்றார். நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன்னுடைய சின்ன ஆம்ப்ளிஃபயரின் கோனைப் பிளேடால் வேண்டுமென்றே கிழித்தார். ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் கேட்கிற உறுமல் அதுதான். அவருக்கும் முன்னால் 1958இல் லிங்க் ரே என்ற அமெரிக்கர் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டு ‘ரம்பிள்’ என்பதை வாசித்தார். (பாட்டு வரியே இல்லாத அந்த வாத்திய இசையைச் சில வானொலி நிலையங்கள் தடை செய்தன. சொல்லே இல்லாத ஒன்றில் என்ன ஆபாசத்தைக் கண்டார்களோ!) மைக்செட்காரர் நம்பவில்லை. “என்னா சார், நான் நாள்முழுக்க ரிப்பேர் பண்ற சத்தத்தப் போயி அவன் காசு குடுத்துப் பதிவு பண்ணானா?” என்றார்.

பண்ணினான். பிறகு அதையே பெட்டியில் அடைத்தும் விற்றார்கள். நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் 1960களின் தொடக்கத்தில் பழுதான ஒரு சர்க்யூட், கிடார் ஒலியைக் கிழித்துவிட்டது. அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்கிற மாதிரி சில ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை வைத்துச் செய்த காலால் மிதிக்கும் பெட்டி 1962இல் கடைக்கு வந்தது. ஃபஸ் என்று பெயர். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகு கராஜ் பையன்கள் எல்லாருக்கும் அது வேண்டியதாகிவிட்டது.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதுதான் கட்டுரையின் மையம். கிடார் தந்தியைத் தட்டினால் ஒலி சட்டென்று எழுந்து மெல்ல அடங்கும். அது தட்டு வாத்தியத்தின் தலைவிதி. ஃபஸ் பெட்டி ஒலியலையைத் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்கி அதன் உச்சியையும் அடியையும் வெட்டி எறிந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட அலையில் மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் முளைக்கின்றன. கரகரப்பு அதுதான். இன்னொன்றும் நடக்கிறது. ஒலி அடங்க ஆரம்பித்தாலும் வெட்டும் உயரத்துக்கு மேலே அது இருக்கும்வரை அடங்குவது காதுக்குத் தெரியாது. தட்டு வாத்தியம் நாகஸ்வரம் மாதிரி நீண்டு நிற்க ஆரம்பிக்கிறது.

மூன்றாவது விளைவு யாரும் திட்டமிடாதது. முழுக் கார்டு ஒன்றை ஃபஸ்ஸில் போட்டால் சேறாகக் குழம்பும். ஷட்ஜமம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்த கார்டில் காந்தாரம்தான் தொல்லை. அதன் மேல்சுரங்கள் மற்றவற்றோடு உரசிக்கொண்டு இரைச்சலாகும். ஆகவே பையன்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் அழுத்தினார்கள். ஐரோப்பிய இசையில் மகிழ்ச்சியா துக்கமா என்று தீர்மானிப்பதே அந்தக் காந்தாரம்தான். அதைத் தூக்கிவிட்டால் கார்டு வெறும் சுருதியாகிவிடும். அதன்மேல் எந்த மெட்டும் அலையலாம். எங்கும் போய்ச்சேர வேண்டிய கட்டாயமில்லை. இசைப் பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத பதினெட்டு வயசுப் பையன் தனக்கே தெரியாமல் ஐரோப்பிய ஹார்மனியின் மிக அடிப்படையான இலக்கணத்தைக் கழற்றி வைத்துவிட்டான். கட்டுடைப்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு பிளேடு முன்பே செய்திருக்கிறது!

இப்போது தம்புராவுக்கு வருவோம். நாலு தந்தி. பஞ்சமம், ஷட்ஜமம், மறுபடி ஷட்ஜமம், கீழ் ஷட்ஜமம். காந்தாரம் இல்லை. குதிரையின் மேல் தந்திக்கடியில் ஒரு நூல் துண்டைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஜீவா என்றோ ஜீவாளி என்றோ பெயர். நூல் சரியான இடத்தில் உட்கார்ந்ததும் தந்தி குதிரையின் வளைவில் மெல்ல உரசி ‘ரீ...ங்’ என்ற கரகரப்பு பிறக்கும். அந்த உரசல் இல்லாவிட்டால் தம்புராவில் உயிரில்லை என்பார்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921இல், நோபல் பரிசுக்கு ஒன்பது வருஷம் முன்னால், வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை பற்றி எழுதியிருக்கிறார். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டினால் எந்த மேல்சுரம் வராது என்று ஐரோப்பிய இயற்பியல் ஒரு விதி வைத்திருந்தது. இந்த வாத்தியங்களில் வரக்கூடாத சுரங்களும் வருகின்றன என்று அவர் காட்டினார். காரணம் குதிரையும் நூலும்.

ஆக, ஃபஸ் பெட்டியும் ஜீவாளி நூலும் ஒரே வேலையைச் செய்கின்றன: சுத்தமான ஒலியை வேண்டுமென்றே கெடுத்து மேல்சுரங்களை வரவழைப்பது. வழிமுறை வேறு, காதில் விழும் பலன் உறவு. இதில் மர்மம் ஒன்றுமில்லை, ஞானமும் இல்லை. கிழக்கிலும் எந்திரம் உண்டு. பீட்டில்ஸ் ரிஷிகேஷில் கண்மூடி உட்கார்ந்திருந்த அதே 1968இல் எங்கள் மலையில், காவலூரில், வைணு பாப்பு அமைத்த வானாய்வகம் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தது. ‘இந்தியாவைத் தேடி’ வந்தவர்களின் வரைபடத்தில் காவலூருக்கு இடமில்லை.

நான் சொல்வதற்கு ஆதாரம் 1965இலேயே இருக்கிறது. யார்ட்பேர்ட்ஸ் குழு ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ பாட்டுக்காக ஒரு சிதார் கலைஞரைக் கூலிக்கு அழைத்து வந்து பதிவு செய்தது. அவர்கள் எதிர்பார்த்த அழுத்தம் கிடைக்கவில்லை. கிடாரிஸ்ட் ஜெஃப் பெக் அதே பகுதியை ஃபஸ் போட்டுச் சிதார் மாதிரி வாசித்தார். அந்தப் பதிவுதான் ஜூனில் வெளிவந்தது. சிதார் பதிவு பல வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. நிஜச் சிதாரைவிடக் கிழிந்த கிடார் ‘சிதார்த்தன்மை’ அதிகம் கொண்டதாக அவர்கள் காதுக்குப் பட்டிருக்கிறது! அடுத்த மாதம் கிங்க்ஸ் ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியா போகிற வழியில் பம்பாயில் தங்கியபோது மீனவர்கள் பாடிக்கொண்டு வேலைக்குப் போனதைக் கேட்டதாக ரே டேவிஸ் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டிலும் சிதார் கிடையாது, கிடாரின் ரீங்காரம்தான். பீட்டில்ஸின் சிதார் வருவது இதற்கெல்லாம் பிறகு டிசம்பரில். அதாவது இசைத்தட்டில் முதலில் வந்தது உடைசல், அப்புறம்தான் இந்தியா. தங்கள் காதில் ஏற்கனவே ஒலித்துக் கொண்டிருந்த ஒன்றுக்குப் பெயர் தேடினார்கள். கிடைத்த பெயர் ‘இந்தியா’.

சரி, இங்கே என்ன நடந்தது? நடந்திருக்கிறது, தமிழ் விமர்சனம்தான் கேட்கவில்லை. 1960களில் சென்னையில் பீட் எக்ஸ், மஸ்டாங்ஸ் என்று குழுக்கள் இருந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். நல்ல கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் தயவு வேண்டும், அல்லது உள்ளூர் ரேடியோ மெக்கானிக்கின் தயவு. 1967இல் கல்கத்தாவிலிருந்து வர ஆரம்பித்த ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ இதழ் இவர்களுக்குச் செய்தி சுமந்தது. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன்னுடைய சிம்லா சிகரெட்டுக்கு விளம்பரமாக ‘சிம்லா பீட்’ என்ற போட்டியை நடத்தியது. 1970, 1971 போட்டிகளை ஒட்டி இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் இரண்டிலும் இருக்கிறார்கள். முதல் தட்டில் கன்ஃப்யூஷன்ஸ் என்ற குழுவின் பாட்டு ‘வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்’. உள்ளிருக்கும் ஆன்மாவின் குரல் என்று தலைப்பைத் தமிழாக்கலாம். தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிதாரும் தபலாவும் எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவோம். அந்தத் தட்டுகளில் முன்னால் நிற்பது ஃபஸ் கிடாரும் ஆர்கனும்தான்.

இதைப் ‘பாவம், காப்பியடித்தார்கள்’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படிக் கேட்கவில்லை. லண்டன் பையனுக்கு ரீங்காரம் என்பது வேறு உலகம். இங்கத்துப் பையனுக்கோ அது மார்கழிக் காலையில் அடுத்த வீட்டில் நடக்கும் பாட்டு வகுப்பு; தப்பித்து ஓடவேண்டிய விஷயம். அவனுக்கு வேறு உலகம் என்பது கிழிந்த ஸ்பீக்கர். ஆகவே ஒரே ஒலிக்குடும்பத்தின் இரண்டு முனைகளிலிருந்து இரண்டு பையன்களும் எதிர்த் திசையில் ஓடினார்கள். சிதாரைக் கையில் எடுத்துக்கொண்டு ராக் பக்கம் போனவர் ஆனந்த சங்கர். உதயசங்கரின் மகன், ரவிசங்கரின் அண்ணன் மகன். 1970இல் அமெரிக்கக் கம்பெனி வெளியிட்ட அவருடைய தட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டும் டோர்ஸ் பாட்டும் சிதாரில் வருகின்றன. சுவாரசியமான தட்டுதான், ஆனால் என் காதுக்கு அதில் ஆபத்து எதுவும் இல்லை. சிம்லா பீட் தட்டுகளின் தகரச் சத்தத்தில் ஆபத்து இருக்கிறது. மேற்கத்தியச் சேகரிப்பாளர்கள் பின்னாளில் அவற்றைத் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்தார்கள். சிதார்த் ‌பாட்டியா ஆங்கிலத்தில் 2014இல் எழுதிய ‘இந்தியா சைகடெலிக்’ என்ற நூல் அந்தத் தலைமுறையின் கதையைச் சொல்கிறது.

ஆனால் ஒன்று. அந்தப் பாட்டுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் ஏன் வரவில்லை என்று கேட்டால் காலம், காசு என்று மட்டும் சொல்லி நழுவ முடியாது. சுருதி சபாவுக்குச் சொந்தம், மின்கிடார் கான்வென்ட்டுக்கும் கிளப்புக்கும் சொந்தம், தமிழ்ப் பாட்டு சினிமாவுக்குச் சொந்தம் என்று வேலி போட்டிருந்தது. சினிமா கிடாரைத் தாராளமாக எடுத்துக் கொண்டது. ‘காதலிக்க நேரமில்லை’ (1964), வேதா இசையமைத்த ‘அதே கண்கள்’ (1967) ஆகியவற்றைக் கேட்டால் தெரியும். ஆனால் கதைக்குள் அந்தச் சத்தத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் பெரும்பாலும் கேலி, கிளப் டான்ஸ், வில்லனின் கூடாரம். சைகடெலிக் நமக்கு ஒலியாக வரவேயில்லை. சுழல்கிற கலர் லைட்டாக வந்தது. ஒரு இசைக்குழுவையே கதையாக்கிய ‘நினைத்தாலே இனிக்கும்’ வர 1979 ஆகிவிட்டது; அதற்குள் உலகம் டிஸ்கோவுக்குப் போய்விட்டிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாடினார்கள். அது பைலா தாளத்தின் பிள்ளை, குஷியானது, கிழிசல் இல்லாதது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் எனக்கு ஒரு யோசனை சொல்வதுண்டு. “உங்க மலையிலயே சைகடெலிக் இருக்கே, மேளம் அடிச்சா சாமி வருதே, அதை எழுதுங்க.” எழுத மாட்டேன். இங்கே சாமி வந்து ஆடுகிறவரிடம் ஊர் கேள்வி கேட்கும். மழை எப்போ, காணாமல் போன மாடு எங்கே, அண்ணன் தம்பி வழக்கில் யார் பக்கம் நியாயம். அவர் பதில் சொல்லியாக வேண்டும். மனத்தை வெளிக்காட்டுவதல்ல அது, ஊருக்குப் பொறுப்பாவது. அதற்குச் சைகடெலிக் என்று பெயர் வைத்தால் ரிஷிகேஷுக்கு விமானம் ஏறியவர்கள் செய்ததை நாம் பஸ் ஏறி வந்து செய்கிறோம், அவ்வளவுதான். தனி மனத்துக்குள் தனியாகப் போனவன் என்ன ஆனான் என்பதற்கு ராக்கி எரிக்சனே இருக்கிறார். 1969இல் ஒரே ஒரு கஞ்சா சுருட்டோடு பிடிபட்டார். மனநிலை சரியில்லை என்று வாதிட, ரஸ்க் என்ற ஊரில் குற்றவாளிகளை அடைத்து வைக்கும் மனநல மருத்துவமனையில் 1972வரை இருக்க வேண்டியதாயிற்று. 2019இல் இறக்கும்வரை அந்த ஆண்டுகளின் நிழல் அவரை விடவில்லை. எலிவேட்டர்ஸ் குழு எப்போதோ கலைந்து போயிருந்தது.

ரவிசங்கருக்கு இந்தப் போதைக் கூட்டத்தோடு உடன்பாடு இருந்ததில்லை, வெளிப்படையாகவே கண்டித்திருக்கிறார். 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் வங்கதேசத்துக்காக நடந்த கச்சேரியில், அவரும் அலி அக்பர் கானும் வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்ததென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்கிற மாதிரி அவர் நயமாகக் குத்தினார். இன்றுவரை அதைச் சொல்லி நாம் சிரிக்கிறோம்: பாரு, ராகத்துக்கும் சுருதிக்கும் வித்தியாசம் தெரியாத வெள்ளைக்காரன்.

எனக்கு அந்தக் கைதட்டல் அசட்டுத்தனமாகப் படவில்லை. ஆறேழு வருஷமாக ஃபஸ் கிடாரையும் ஜாடியையும் கேட்டுக் கேட்டு அந்தக் காதுகள் ரீங்காரத்தையே இசையாகக் கேட்கப் பழகியிருந்தன. நாம்தான் அதை இசை என்று கணக்கில் எடுப்பதில்லை. கச்சேரியில் தம்புராக்காரர் வித்வானுக்குப் பின்னால் உட்காருகிறார்; அழைப்பிதழில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. நாகஸ்வரத்தோடு ஒட்டு ஊதுகிறவர் இருந்தார். ஒரே சுரத்தை, மூச்சு அறாமல், சாமி புறப்பாடு முடிகிறவரை ஊதவேண்டும். கன்னம் நோகும் வேலை. பக்கத்தில் நாயனக்காரருக்கு மோதிரம் போடுவார்கள், தோடா போடுவார்கள். ஒட்டுக்காரர் இருந்த இடத்தில் பின்னால் சுருதிப்பெட்டி வந்தது. இப்போது அதுவும் மின்சாரப் பெட்டி, சுவிட்சைப் போட்டால் தானாக ஓடும். எங்கள் மைக்செட்காரர் அதற்கும் ஒரு மைக் வைக்கிறார்.